தூண் ஏரிக்கரையிலிருந்து அக்காவுக்கும் அத்தானுக்கும்

தூண்,
சுவிற்சர்லாந்து.

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நாங்கள் எல்லோரும் நலம். நீங்களும் நலமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். உங்களுக்கு விசா கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. அக்கா தொலைபேசியில் முதலில் கேட்டது மலையைப் பற்றியோ குளிரைப் பற்றியோ அல்ல. "வெளியே போனால் அங்கே என்னத்தைச் சாப்பிடுவது?" என்றுதான் கேட்டீர்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த ஊர்ச் சமையலறைகளில் நிற்பவனிடம் கேட்ட கேள்விக்கு அவசரமாக இரண்டு வார்த்தை சொல்லி முடிக்க மனம் வரவில்லை. ஆகவே ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

நாங்கள் இருக்கும் தூண் பட்டணம் நீண்ட ஏரியொன்றின் ஒரு முனையில் இருக்கிறது. ஏரியின் மறுமுனையில் இன்டர்லாக்கன், அதற்கப்பால் பிரியன்ஸ் ஏரி. ஆரே என்ற ஒரே ஆறுதான் இரண்டு ஏரிகளையும் கோத்துக்கொண்டு ஓடுகிறது. படங்களில் பார்த்து நீங்கள் வியந்த பச்சை கலந்த நீலம் பிரியன்ஸ் ஏரியினுடையது. பனிப்பாறைகள் மலையை அரைத்து அனுப்பும் மாப்போன்ற கல்தூள் தண்ணீரில் மிதப்பதால் வந்த நிறம் அது. அத்தானுக்கு இதில் ஒரு செய்தி உண்டு: அவ்வளவு அழகான அந்தத் தண்ணீரில் மீனுக்கு இரை குறைவு. ஃபெல்ஹன் என்று இங்குள்ளவர்கள் சொல்லும் வெள்ளி நிற மீன் அங்கே மெல்லமெல்லத்தான் வளரும். தூண் ஏரியில் அது நன்றாகப் பெருக்கும். அந்தப் பெரிய வகையை ஊர்ப்பேச்சில் அல்பொக் என்பார்கள். மீன் சாப்பிடுவதென்றால் பிரியன்ஸ் ஏரியைப் பார்த்துவிட்டு வந்து தூண் ஏரிக்கரையில் உட்காருவோம்.

ஆனால் ஏரிக்கரையில் மேசை போட்டிருக்கிறார்கள் என்பதற்காகத் தட்டில் இருப்பது ஏரிமீன் என்று நம்பிவிட வேண்டாம். எக்லி என்ற சிறுமீனின் துண்டங்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவை. எந்த நாட்டு மீன், எந்த நாட்டு இறைச்சி என்பது உணவுப் பட்டியலின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். நான் எங்கே போனாலும் முதலில் அதைத்தான் வாசிப்பேன். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், ஏரியைப் பார்த்தபடி இருந்த மேசைகளுக்கு நாளெல்லாம் பெட்டிமீனைப் பொரித்து அனுப்பினோம். கேட்டவர்களுக்கு மட்டுமே உண்மை சொல்லப்பட்டது. எனக்கு அது கடைசிவரை உறுத்தலாகவே இருந்தது. அத்தானை நான் கூட்டிப்போகும் கடை சிறியது. விடியற்காலையில் வலை வளைத்த மீன்காரர் கொடுத்துவிட்டுப் போவதைத்தான் அங்கே சமைப்பார்கள், மீன் கிடைக்காத நாளில் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். பட்டரில் வாட்டி, எலுமிச்சம்புளி விட்டு, அவித்த உருளைக்கிழங்குடன் தருவார்கள். பாசையூர் மீனும் மிளகாய்த்தூளும் பழகிய நாக்குக்கு முதல் வாய் சப்பென்றிருக்கும். பொறுத்து மூன்றாவது வாய் சாப்பிடுங்கள், அத்தான். மீனின் இனிப்பு அப்போதுதான் தெரியும்.

அக்காவின் விஷயம் வேறு. மரக்கறிச் சாப்பாடு இங்கே எல்லாக் கடைகளிலும் உண்டு, ஆனால் இவர்கள் மரக்கறி என்று சொல்வதும் நாங்கள் சைவம் என்று சொல்வதும் ஒன்றல்ல. முட்டை இவர்களுக்கு மரக்கறிதான். ரோஸ்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே அவித்து ஆறவைத்த உருளைக்கிழங்கைப் பெருந்துருவலாகத் துருவி, இரும்புச் சட்டியில் பட்டர் விட்டுப் பரப்பி, கிளறாமல் மெல்லிய நெருப்பில் பொன்னிறமாகும் வரை காத்திருந்து, ஒரு கோப்பையைக் கவிழ்த்து மூடி, சட்டியோடு புரட்டி எடுத்து, மற்றப் பக்கத்தையும் அதேபோல் சிவக்கவிட வேண்டும். முன்னாளில் பேர்ண் மாநிலத்துக் கமக்காரர்களின் காலைச் சாப்பாடாக இருந்தது அது. இவ்வளவும் உங்களுக்கு ஆகும். ஆனால் பல சமையல்காரர்கள் அதே சட்டியில் பன்றியிறைச்சித் துண்டுகளையும் வதக்குவார்கள், சிலர் பன்றிக்கொழுப்பிலேயே சுடுவார்கள். கேட்காமல் வாங்கக்கூடாது. நான் எங்கள் கடைச் சமையலறையில், புதுச் சட்டியில், என் கையால் உங்களுக்குச் சுட்டுத் தருவேன்.

சீஸைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் அது நான் உங்களுக்குச் செய்யும் துரோகம். இந்த மலைகளில் கோடைகாலத்தில் மாடுகளை மேலே ஓட்டிச்சென்று, அங்கேயே செப்புக் கிடாரத்தில் விறகு எரித்துக் காய்ச்சும் சீஸ் உலகத்திலேயே நல்ல சாப்பாடுகளில் ஒன்று என்று நான் மனதார நம்புகிறேன். அதை இரண்டு கோடைக்கு மேல் முதிரவிட்டு, மரச்சீவல்போல் சுருள்சுருளாகச் சீவித் தருவார்கள். ஆனால் பாலை உறையவைக்க இவர்கள் வழிவழியாகப் பயன்படுத்துவது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறை. இதை அறிந்தபின் சாப்பிடுவதா விடுவதா என்பது உங்கள் முடிவு. சீஸை உருக்கிப் பாண் தோய்த்துச் சாப்பிடும் ஃபொன்டூவில் அந்த உறையோடு வெள்ளை வைனும் செரிப்பழச் சாராயமும் சேரும், ஆகவே அதை உங்களுக்கு நான் சொல்லவே இல்லை. அத்தான் ஆசைப்பட்டாலும் அது பனிக்காலத்துச் சாப்பாடு. ஆனி மாத வெயிலில் அதைச் சாப்பிடுவது உல்லாசப் பயணிகள்தான்.

அந்தச் சீஸைப் பங்கிடுவதைப் பார்க்க நீங்கள் புரட்டாதி வரை இருந்தால் நல்லது. ஏரிக்கு மேலே யுஸ்டிஸ்டால் என்ற பள்ளத்தாக்கில், கோடை முடிந்ததும், ஒவ்வொருவரின் மாடும் எவ்வளவு பால் கொடுத்ததோ அந்தக் கணக்குக்குச் சீஸ் வட்டங்களை அடுக்கி, எந்த அடுக்கு யாருக்கு என்று சீட்டுப்போட்டு எடுத்துக்கொள்வார்கள். நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். பங்கில் யாரும் குறைசொல்லி நான் கேட்டதில்லை. பிறகு பூச்சூடிய மாடுகள் மணி குலுங்க இறங்கிவரும்.

அக்கா மனம்நிறையச் சாப்பிடக்கூடிய இடம் பேர்ண் நகரத்தில் இருக்கிறது. தூணிலிருந்து ரயிலில் இருபது நிமிடம். 2014 இறுதியில் திறந்த சமயங்களின் இல்லம் என்ற கட்டடத்தில் எங்கள் சிவன் கோவிலும், பள்ளிவாசலும், தேவாலயமும், புத்த விகாரையும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன. அங்கேயே மத்தியானத்தில் மரக்கறிச் சாப்பாடு உண்டு. வெள்ளிக்கிழமை பூசை பார்த்துவிட்டு அங்கே சாப்பிடுவோம். 1983க்குப் பிறகு வந்த எங்கள் ஆட்கள் பலர் உணவகங்களின் பின்கதவால் நுழைந்து கோப்பை கழுவித்தான் இந்த நாட்டில் கால் ஊன்றினார்கள். நானும் அப்படித்தான். வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்று எங்கள் பருப்பையும் சோற்றையும் வாங்குவதை அங்கே பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

நேரத்தையும் காசையும் பற்றிச் சிறிது. பல கடைகளில் இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு ஆறு மணிக்குத்தான் திரும்ப மூட்டுவார்கள். மத்தியானத்தில் அன்றைய சாப்பாடு என்று எழுதிவைப்பதை வாங்கினால் இரவு விலையில் நல்ல பங்கு மிஞ்சும். 1974 முதல் பரிமாறுபவரின் கூலி விலைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அத்தான் தனியாகக் காசு வைக்க வேண்டியதில்லை. மிக்ரோஸ் என்ற பெரிய கூட்டுறவுக் கடைகளோடு சேர்ந்த உணவகங்களில் மதுவே விற்பதில்லை. 2022இல் அதன் உறுப்பினர்களிடம் வாக்கெடுத்தபோதும் வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளோடு போய் நிம்மதியாக இருக்கலாம்.

தண்ணீர்ப் போத்தல் வாங்கவே வேண்டாம். ஊர்ச் சந்திகளிலெல்லாம் மரத்தொட்டியிலோ கல்தொட்டியிலோ ஊற்றுநீர் விழுந்துகொண்டிருக்கும். குடிக்கக்கூடாத நீர் என்றால் பலகை வைத்திருப்பார்கள். ரிவெல்லா என்று ஒரு பானம், 1952 முதல் வருவது. சீஸுக்காகப் பால் திரைக்கும்போது பிரியும் தெளிநீரில் செய்வது. அத்தானுக்கு அது பிடிக்கும். இன்டர்லாக்கனில் 1866 முதல் காய்ச்சும் பியரும் உண்டு. அதை அக்காவின் அனுமதியோடு வாங்கித் தருகிறேன். தேநீர்தான் இந்த நாட்டில் தேறாது. வெந்நீரில் ஒரு பையைப் போட்டுத் தந்து ஐந்து பிராங் வாங்கிவிடுவார்கள். அதை வீட்டிலிருந்து சுடுதண்ணீர்ப் போத்தலில் கொண்டுபோவோம்.

மலைக்குப் போகும் நாளில் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டே போவோம். நீசன் மலை 2,362 மீட்டர். 1910 முதல் உச்சிக்கு இழுவை ரயில் ஓடுகிறது. மேலே நல்ல உணவகம் இருக்கிறது, ஆனாலும் உங்கள் தம்பி மனைவி புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டித் தருவதாகச் சொல்லிவிட்டாள். ஏரி முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும் இடத்தில் ஒரு வாங்கு உண்டு, அதில் இருந்து சாப்பிடலாம். ஆனி மாதமென்றாலும் மேலே குளிரும், சுவெற்றரை மறக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. தூண் ஏரியில் புளூம்லிசால்ப் என்று ஒரு நீராவிக் கப்பல் ஓடுகிறது. 1906இல் கட்டியது. 1971இல் ஓட்டத்தை நிறுத்திவிட, ஊர்மக்கள் விடாமல் நின்று திருத்தி, 1992இல் மறுபடி தண்ணீரில் விட்டார்கள். எண்ணெய் பூசிய இரும்புத் தண்டுகள் மேலும் கீழும் போய்வருவதை நடுத்தளத்தில் நின்று பார்க்கலாம், பக்கத்திலேயே சாப்பாட்டு மண்டபம். இத்தனை ஆண்டுகளில் கரையில் நின்று அதன் ஊதல் கேட்டு மத்தியான உலையை ஏற்றியிருக்கிறேனே தவிர, அதில் ஏறி இருந்து ஒருநாளும் சாப்பிட்டதில்லை. நீங்கள் வந்த இரண்டாவது சனிக்கிழமைக்கு யன்னலோரமாக ஆறு பேருக்கு மேசை சொல்லிவைத்துவிட்டேன். அக்காவின் சாப்பாட்டில் முட்டையும் சீஸும் வேண்டாம் என்பதைச் சமையல்காரரிடம் நேரில் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

வரும்போது பனங்கட்டி இரண்டு குட்டான் கொண்டுவாருங்கள். மலையில் தேநீரோடு கடிக்க வேண்டும்.

அன்புத் தம்பி