குளவி அட்டை வாங்குவோர் பெண் குளவியைக் கணக்கிடவேண்டும்

ஆசிரியருக்கு,

வொல்பாக்கியா என்ற பற்றீரியாவை எம்மவர் டெங்கு நுளம்புச் செய்திகளில்தான் கேள்விப்பட்டிருப்பார்கள். பயிரைத் தாக்கும் தண்டு துளைப்பானின் முட்டையையும் சேனா படைப்புழுவின் முட்டையையும் துளைத்து, உள்ளே தம் முட்டையை இட்டு அழிக்கும் ட்ரைக்கோகிராமா என்ற சிறு குளவிகளின் சில வம்சங்களிலும் அது வாழ்கிறது. துளைப்பது பெண் குளவி மட்டுமே. வன்னியில் இக்குளவிகளை வளர்க்க முனைவோரும், குளவி உள்ளே வளரும் பூச்சி முட்டைகள் ஒட்டிய அட்டைகளை வாங்குவோரும் இதை அவசியம் அறிந்திருக்கவேண்டும்.

குளவி இனத்தில் கருக்கட்டாத முட்டை ஆணாகும். பற்றீரியா உள்ள தாயின் கருக்கட்டாத முட்டையிலோ முதற் பிரிவின்போது நிறமூர்த்தங்கள் (மரபுப்பொருளைச் சுமக்கும் இழைகள்) பிரியாமல் இரட்டிக்கின்றன. அதனால் ஆணே இல்லாமல் பெண் பிறக்கிறது. பற்றீரியா முட்டை வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் போகும், ஆண் வழியாகப் போகாது. நுண்ணுயிர்க்கொல்லி கலந்த தேனை ஊட்டினால் மீண்டும் ஆண்கள் பிறப்பதை 1990இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே வளர்ப்புக் குளவிக்குக் கொடுக்கும் தேனில் அத்தகைய மருந்து கலந்திருக்கக்கூடாது.

இங்கே பெரிய எதிரி வெப்பம். வளர்ப்பறை 30 பாகை செல்சியஸுக்கு மேல் தொடர்ந்து இருந்தால் முட்டைக்குள் பற்றீரியா குறைந்து சில தலைமுறைகளில் ஆண்கள் தலைகாட்டுவார்கள். இடையில் ஒரே உடலில் ஆண் பாகமும் பெண் பாகமும் கொண்ட குளவிகளும் வரும். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே இந்த எல்லையைத் தாண்டுவது மிகச் சுலபம். பற்றீரியா முற்றாக அழிந்த வம்சத்தைப் பின்னர் குளிரில் வைத்துப் பயனில்லை. வயலில் விட்ட குளவிக்கு ஒரு நாள் வெயில் இந்தக் கெடுதியைச் செய்யாது, கெடுவது தலைமுறை தலைமுறையாக அறையில் வளர்க்கும் தாய்க்கூட்டம்தான். அதை 25 பாகை அளவில் வைத்திருங்கள், ஒரு பங்கை வேறு அறையிலும் வளருங்கள்.

சோதிப்பது கடினமல்ல. குளவி உள்ளே வளர்வதால் கறுத்த பூச்சி முட்டைகளைத் தனித்தனியாக, ஒரு குழாய்க்கு ஒன்றாகப் போடுங்கள். வெளிவந்த பெண் ஆணைக் காணாதபடி தேன் கீற்றும் புதிய அரிசி அந்துப்பூச்சி முட்டைகளும் கொடுங்கள். 8, 10 நாட்களில் வருவன எல்லாம் பெண்ணானால் பற்றீரியா உண்டு. எல்லாம் ஆணானால் இல்லை. இரண்டும் கலந்து வந்தால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். நீண்ட மயிர் கொண்ட உணர்கொம்பு ஆணுக்குரியது, பெண்ணின் உணர்கொம்பு நுனி தடித்திருக்கும்.

பற்றீரியா உள்ள வம்சமே எப்போதும் மேல் என்று கொள்ளவேண்டாம். சில இனங்களில் அத்தகைய பெண் குறைவாகவே முட்டையிடும். பூச்சி முட்டைகள் ஐதாகக் கிடக்கும் வயலில், துணை தேடாமல் பெண்ணைப் பெறுவது அதற்குப் பலம். பலவிடங்களில் பயன்படும் ட்ரைக்கோகிராமா வம்சங்களில் ஆணும் பெண்ணும் இணைந்து பெருகுவனவும் உண்டு. எனவே ஏக்கருக்கு 40,000 குளவி என்று சொல்லி அட்டை தந்தால், அதில் பெண் எத்தனை, எந்த வம்சம், எத்தனை பாகையில் வளர்த்தது என்பதை முதலில் கேளுங்கள். பாதி ஆணானால் முட்டையைத் துளைப்பது 20,000தான்.

பயிர்ப் பூச்சியியல் வாசகர்கள்,
கிளிநொச்சி.