உடல்நல அறிவியல் சிறப்புத் திட்டம்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களே, பாதுகாவலர்களே,

வணக்கம். வரும் கல்வியாண்டில் 4, 5ஆம் ஆண்டு பிள்ளைகளுக்காக நம் பள்ளியில் உடல்நல அறிவியல் சிறப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்குகிறோம். புதன்கிழமைதோறும் மதியம் 2.00 முதல் 3.30 வரை நடக்கும். கட்டணம் கிடையாது. முதல் ஆண்டில் 20 பேருக்குத்தான் இடம். பிள்ளைகள் என்ன செய்வார்கள், எங்கே தவறு நேரலாம், உங்களிடம் என்ன கேட்கிறோம் என்பதையெல்லாம் விரிவாகவே எழுதுகிறேன். வேலை முடிந்து வந்து நிதானமாகப் படியுங்கள்.

இந்த யோசனையின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. 1968இல் டக்கோமா நகரில் மக்கார்வர் என்ற ஆரம்பப் பள்ளி, மற்ற வட்டாரத்துப் பெற்றோரும் தாமாகத் தேடி வந்து பிள்ளைகளைச் சேர்க்கும்படி தன் கற்பித்தலை மாற்றி அமைத்தது. கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படிக்க வேண்டும் என்பது அங்கே நோக்கம். இப்படி ஒரு துறையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளை ஈர்க்கும் பள்ளிகளுக்குப் பின்னால் 'மேக்னட் பள்ளி' என்ற பெயர் நிலைத்தது. நம் கவலை வேறு. கெடா மாநிலத்தில் நம் கோலா கெட்டில் வட்டாரத் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் சுங்கைப் பட்டாணிக்கும் கூலிமுக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. மாணவர்கள் 150 பேருக்குக் குறைந்தால் ஒரு பள்ளி 'குறைந்த மாணவர் பள்ளி' என்ற கணக்கில் வந்துவிடும். புதுச் சாயம் அடித்துப் பிள்ளைகளை நிறுத்தி வைக்க முடியாது. இங்கே படித்தால் இது கிடைக்கும் என்று நீங்களே நாலு பேரிடம் சொல்லும்படி ஒன்று வேண்டும்.

ஏன் உடல்நலம் என்று கேட்பீர்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். தாத்தாவுக்கு இனிப்பு நீர், பாட்டிக்கு ரத்த அழுத்தம் என்பது நம் வீடுகளில் அன்றாடப் பேச்சு. அந்தப் பேச்சில் வரும் எண்கள் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும். 4ஆம் ஆண்டு அறிவியலில் மூச்சுவிடுதலும், 5ஆம் ஆண்டில் எலும்பு மண்டலமும் ரத்த ஓட்டமும் ஏற்கெனவே பாடமாக இருக்கின்றன. அமைச்சின் பாடத்திட்டத்தில் எதையும் மாற்றவில்லை. கூடுதல் தேர்வும் இல்லை.

முதல் மூன்று மாதம் வெள்ளை அங்கியும் கிடையாது, ஸ்டெதாஸ்கோப்பும் கிடையாது. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில், நான்கு பேருக்கு ஒரு ஸ்டாப்வாட்ச். 20 பேர் என்று வைத்ததும் இதனால்தான். நால்வர் குழுவில் ஒருவர் நாடி பிடிப்பார், ஒருவருக்குப் பிடிப்பார்கள், ஒருவர் நேரம் சொல்வார், ஒருவர் எழுதுவார். ஐந்தாவது பிள்ளை வந்தால் அது வேடிக்கை பார்க்கும். இரண்டு வாரத்தில் வெளியே ஓடிவிடும்.

நாடி பார்ப்பது எளிய வேலை என்று நினைக்க வேண்டாம். பிள்ளை 5 நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக வைக்க வேண்டும். கட்டைவிரலால் பிடிக்கக் கூடாது. அதற்குள்ளேயே ஒரு துடிப்பு இருப்பதால் பிள்ளை தன் நாடியையே எண்ணிவிடும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு துடிப்பு தவறினாலும் விடையில் 4 பிசகும். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் பிசகு 2தான். அதனால் நாங்கள் 30 விநாடி என்று வைத்திருக்கிறோம். மூன்று முறை எடுத்து, மூன்றையும் அப்படியே எழுதி, பிறகு சராசரி காண வேண்டும். கணிதப் பாடத்துச் சராசரிக்கு இங்கே உயிர் வருகிறது.

வழக்கமாக நேரும் தவறு ஒன்று உண்டு. நாடி நிமிடத்துக்கு 72 என்று புத்தகத்தில் படித்த பிள்ளை, தனக்கு 94 வந்தாலும் 72 என்றே எழுதும். சரியான விடை 72 என்ற எண்ணம் அதற்கு. இந்த வயதுப் பிள்ளைக்கு ஓய்வில் 70 முதல் 100 வரை வருவது இயல்பு. ஒரு குழுவில் நான்கு பேருக்கும் ஒரே எண் வந்தால் ஆசிரியர் அதைச் சந்தேகிப்பார். வீட்டில் நோட்டுப் புத்தகத்தைப் பார்க்கும்போது 'ஏன் இவ்வளவு அதிகம்?' என்று அதட்டாதீர்கள். அதட்டினால் அடுத்த வாரம் 72 என்று எழுதி வரும். பார்த்ததைப் பார்த்தபடி எழுதும் பழக்கம்தான் இந்தத் திட்டத்தின் அடித்தளம். அதைப் பிள்ளைக்கு உண்டாக்க எங்களால் மட்டும் முடியாது.

ரத்த அழுத்தக் கருவி ஒன்று வாங்குகிறோம். மேல்கையில் கட்டும் வகை. பெரிய பட்டை ஒன்று, நடுத்தரப் பட்டை ஒன்று. பிள்ளைகள் ஒருவருக்கொருவர் அழுத்தம் பார்க்க மாட்டார்கள். பெரியவர்களுக்கான பட்டையை மெல்லிய கையில் கட்டினால் அளவு குறைத்துக் காட்டும். பருத்த கையில் சிறிய பட்டையைக் கட்டினால் கூட்டிக் காட்டும். பெற்றோர் கூட்டத்தன்று, ஆசிரியர் பக்கத்தில் நிற்க, பெரியவர்களுக்கு மட்டும் பார்ப்பார்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கால்மேல் கால் போடாமல், கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுப்பார்கள். எண்ணைத் தாளில் எழுதிக் கொடுப்பதோடு பிள்ளையின் வேலை முடிந்தது. 'உங்களுக்கு பி.பி.' என்று சொல்ல அதற்கு அனுமதி இல்லை. 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் அரசாங்க கிளினிக்குக்குப் போய் மீண்டும் பார்க்கச் சொல்லி ஆசிரியர் தனியே சொல்வார். ஊசி குத்திச் சர்க்கரை பார்ப்பது பள்ளியில் நடக்காது. ரத்தம், ஊசி இரண்டும் கிளினிக் வேலை.

அடுத்த பருவத்தில் உணவு. வீட்டில் உள்ள பாக்கெட்டையும் டின்னையும் கழுவிக் காய வைத்துக் கொடுத்தனுப்புங்கள். வெறும் உறை போதும். 100 மில்லிக்கு 10 கிராம் சீனி என்று லேபிளில் இருந்தால் 325 மில்லி டின்னில் 32.5 கிராம். ஒரு தேக்கரண்டி 4 கிராம் என்று வைத்தால் எட்டுக் கரண்டிக்கு மேல். 2019 ஜூலை 1 முதல் 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் சீனியுள்ள பானங்களுக்கு அரசாங்கம் வரி விதிக்கிறது என்பதையும் பிள்ளைகள் படிப்பார்கள். லேபிள் மலாயில்தான் இருக்கும். அதை வாசித்து, பாட்டிக்குத் தமிழில் விளக்குவது வீட்டுப்பாடம். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை அல்லது பருப்பு, அரைப் பங்கு காய்கறியும் பழமும் என்ற 'சுக்கு சுக்கு செப்பாரோ' கணக்கைப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையிலேயே அளந்து பார்ப்பார்கள்.

மூன்றாம் பருவம் நம் தோட்டத்தைப் பற்றியது. கறுப்பு டின்னில் 300 மில்லி அளவு தண்ணீரும் ஒரு சொரசொரப்பான பலகைத் துண்டும் வைத்து, டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறதா என்று பார்ப்பார்கள். ஞாயிறு வைத்து வியாழன் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். பள்ளி விடுமுறையில் மறந்து விட்டுவிட்டால் நாமே கொசு வளர்த்தவர்கள் ஆவோம். அதனால் விடுமுறைக்கு முந்திய வாரம் டின் வைக்கவே மாட்டோம். தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்; ஒட்டியுள்ள முட்டை பல மாதம் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பால் வெட்டாமல் விட்ட ரப்பர் மரங்களில் பால் பிடிக்கும் மங்கு நிமிர்ந்தபடி இருந்தால் அதிலும் மழைநீர் தேங்கும். கவிழ்த்து வையுங்கள். கொல்லைத் தொட்டிக்குக் கொசுப் புழுவைக் கொல்லும் 1 விழுக்காடு அபேட் மணலானால் 10 லிட்டருக்கு 1 கிராம்.

இதோடு ஒரு வேண்டுகோள். பாராகுவாட் களைக்கொல்லிக்கு நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை. பழைய சரக்கு எங்காவது மூலையில் இருந்தால் தொடாமல் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். எந்தத் தோட்ட மருந்தானாலும் மினரல் வாட்டர் பாட்டிலிலோ சோடா பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளை பாட்டிலைப் பார்த்துக் குடிக்கும், உள்ளே இருப்பதைப் பார்த்துக் குடிக்காது.

முதலுதவி ஆண்டு முழுவதும் நடக்கும். சூடு பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். பற்பசையும் கிச்சாப் எனும் சோயா சாஸும் தடவக் கூடாது. மூக்கில் ரத்தம் வந்தால் தலையை முன்னே சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். அண்ணாந்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். பாம்புக்கடி நம் பக்கத்துக்கு மிக முக்கியம். கெடாவில் 'காப்பாக் போடோ' என்ற குழிவிரியன் சருகில் அசையாமல் கிடக்கும், ஆள் வந்தாலும் நகராது. மிதித்த பிறகுதான் தெரியும். கடித்த கையையோ காலையோ அசையாமல் வைத்து, மோதிரம், கொலுசு, கயிறு எல்லாம் கழற்றி, 999ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது மூன்றும் கேடு.

இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் நின்றுவிடுகின்றன. பொறுப்பாசிரியர் மாற்றலாகிப் போவது முதல் காரணம். அதனால் தொடக்கத்திலிருந்தே இரண்டு ஆசிரியர்கள். ஒவ்வொரு வாரமும் செய்ததும் பிசகியதும் ஒரு கோப்பில் ஏறும். கருவி கெட்டுப்போவது இன்னொன்று. விடுமுறையில் பேட்டரியைக் கழற்றாவிட்டால் அது கசிந்து கருவியைத் தின்றுவிடும். இதைக் கவனிக்கக் குழுக்களுக்கு முறை வைத்திருக்கிறோம்.

எல்லாப் பிள்ளைகளும் டாக்டராவார்கள் என்று நான் சொல்லவில்லை. தாதியர், மருத்துவ உதவியாளர், ஆய்வுக்கூடப் பணியாளர், இயன்முறை மருத்துவர் என்று பல வாசல்கள் உண்டு; அவற்றுக்குப் படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் கணிதமும் அறிவியலும் கைகொடுக்க வேண்டும். படிவம் 4இல் திடீரென்று அறிவியல் பாடங்களை எடுக்கத் தடுமாறும் பிள்ளைக்கு இப்போதே அளவும் கணக்கும் பழக்கமாகட்டும். பீடோங்கில் இருக்கும், மருத்துவப் படிப்பு உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் வெகுதூரம் இல்லை என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க ஒரு நாள் அழைத்துப் போக விரும்புகிறோம்.

இணைத்துள்ள தாளில் உங்கள் கையொப்பத்தோடு பிள்ளைக்கு ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறது என்று எழுதுங்கள். மறைத்தால் ஓடவிட்டு நாடி பார்க்கும் அன்று ஆபத்து. எடையை வகுப்பில் உரக்கப் படிக்க மாட்டோம். நீங்களும் பிள்ளைகளின் அளவுத் தாளைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். புதன்கிழமை 3.30க்கு வேன் ஏற்பாடு தேவைப்படுவோர் தாளின் அடியில் குறியிடுங்கள். 12 பேர் இருந்தால்தான் வேன்காரர் இரண்டாம் நடை வருவார்.

வியாழக்கிழமைக்குள் தாளை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். 20க்கு மேல் வந்தால் மதிப்பெண் பார்க்க மாட்டோம், பெற்றோர் முன்னிலையில் சீட்டுக் குலுக்குவோம். சனிக்கிழமை காலை 9.00க்குப் பள்ளி மண்டபத்தில் விளக்கக் கூட்டம். பிறகு ரத்த அழுத்தம் பார்க்கும் பெற்றோர் கூட்டத்தன்று, அதற்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டே வாருங்கள். காப்பியை மட்டும் கூட்டம் முடிந்து குடிக்கலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்