மிசுகியின் பேய்களும் போரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானின் 'மங்கா' எனப்படும் படக்கதை ஓவியர்கள் குறித்துத் தங்கள் ஞாயிறு மலரில் வெளிவந்த கட்டுரை, ஷிகெரு மிசுகியைக் குழந்தைகளுக்குப் பேய்க்கதை வரைந்தவர் என்று ஒற்றை வரியில் கடந்து சென்றிருந்தது. அவருடைய படக்கதைத் தொடரான 'கெகெகெ நோ கிதாரோ' அடைந்த புகழைப் பார்த்தால் அந்த அறிமுகத்தைத் தவறென்று சொல்வதற்கில்லை; கல்லறையில் பிறந்த ஒற்றைக்கண் சிறுவனையும், அவன் தலைமுடிக்குள் குடியிருக்கும் கண்விழி வடிவத் தகப்பனையும் அறியாத ஜப்பானியர் அரிது. ஆயினும் அவருடைய பேய்களையும் அவர் கண்ட போரையும் தனித்தனியே வைத்துப் பார்த்தால் இரண்டுமே பாதிதான் விளங்கும் என்று கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1922-இல் பிறந்த மிசுகி, தொத்தோரி மாகாணத்தின் சகாய்மினாதோ என்னும் துறைமுக ஊரில் வளர்ந்தவர். 'யோகாய்' எனப்படும் மாய உருவங்களின் கதைகளைச் சிறுவயதில் அவருக்குச் சொன்னவர் அண்டையில் வசித்த ஒரு மூதாட்டி. அவரைப் பற்றி மிசுகி வரைந்த 'நோன்நோன்பா' 2007-இல் பிரான்சின் அங்கூலேம் படக்கதை விழாவில் சிறந்த நூலாகத் தேர்வு பெற்றது. இரண்டாம் உலகப் போரில் படைக்கு அழைக்கப்பட்டு பப்புவா நியூ கினியை ஒட்டிய நியூ பிரிட்டன் தீவுக்கு அனுப்பப்பட்ட அவர், உடனிருந்தவர்கள் கொல்லப்பட்ட ஒரு தாக்குதலில் தாம் மட்டும் தப்பி, காட்டு வழியே படைமுகாம் திரும்பினார். ஆறுதல் சொல்ல வேண்டிய மேலதிகாரிகளோ ஏன் உயிரோடு வந்தாய் என்று ஏசினார்கள். பின்னர் மலேரியாவில் படுத்திருந்தபோது விமானக் குண்டுவீச்சில் இடக்கையையும் இழந்தார். தப்பியோடிய இரவில் கண்ணுக்குத் தெரியாத சுவர் ஒன்று தம்மை வழிமறித்ததாக அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்தச் சுவர்ப் பூதமே 'நூரிகாபே' என்ற பெயரில் கிதாரோவின் தோழர்களுள் ஒன்றாக நிற்கிறது. குழந்தைகள் விரும்பும் பாத்திரம்தான். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு போர்க்களத்து இரவு இருக்கிறது.

போருக்குப் பின் தெருவோரக் கதைசொல்லிகளுக்கான படங்கள், வாடகை நூலகங்களுக்கான மலிவுப் பதிப்புகள் என்று நெடுநாள் வறுமையில் உழைத்தவருக்கு 1965-இல், நாற்பதைக் கடந்த பின்னரே, கொதான்ஷா பதிப்பகத்தின் பரிசும் பரவலான வாசகர்களும் கிடைத்தனர்.

கட்டுரை குறிப்பிடாமல் விட்டது, 1973-இல் வெளிவந்த அவருடைய போர்ப் படக்கதை நூலான 'சோயின் க்யோகுசாய் செயோ'. ஒருவர் விடாமல் பாய்ந்து சாக வேண்டும் என்ற கட்டளையை ஏற்ற ஒரு படைப்பிரிவின் கதை அது. அதில் எஞ்சியவர்களும், மரணச் செய்தி மேலிடத்துக்குப் போய்விட்ட காரணத்தாலேயே, மீண்டும் சாக அனுப்பப்படுகிறார்கள். தொண்ணூறு விழுக்காடு உண்மை என்று மிசுகியே அந்நூலைப் பற்றி எழுதினார். அதில் வீரமரணம் என்று எதையும் காண முடியாது. ஒரு சிப்பாய் பசியில் வாயில் கவ்விய மீன் தொண்டையில் அடைத்துச் சாகிறான். மற்றவர்கள் காரணமே இல்லாமல் நாள்தோறும் அதிகாரிகளிடம் அறை வாங்குகிறார்கள். மனிதர்களை எளிய கேலிச்சித்திரக் கோடுகளிலும், காட்டையும் கடலையும் புள்ளி புள்ளியாக, புகைப்படம் போன்ற நுணுக்கத்திலும் வரைவது அவர் வழக்கம். இறந்த உடல்களைக் காட்டும் கடைசிப் பக்கங்களில் கேலிக் கோடுகள் மறைந்து மனிதர்களும் அந்த நுணுக்கத்துக்குள் வந்துவிடுகிறார்கள். என் பார்வையில், அவர் வரைந்தவற்றுள் மிகவும் அச்சமூட்டும் பக்கங்கள் இவையே. இங்கே ஒரு பேய்கூட இல்லை.

1988-இல் தொடங்கிய, பேரரசர் ஹிரோஹிதோ ஆண்ட ஷோவா காலத்தின் வரலாற்றைச் சொல்லும் படக்கதை வரிசையில் நாட்டின் கதையை விளக்கும் பொறுப்பை அவர் எந்த அறிஞருக்கும் கொடுக்கவில்லை. கிதாரோ கதைகளில் வரும் தன்னலமும் தந்திரமும் மிக்க எலிமனிதனிடம் கொடுத்தார்! பேரரசின் முழக்கங்களை அவன் வாயால் கேட்கும்போது அவற்றின் போலித்தனம் தானே வெளிப்படுகிறது.

2015-இல் தமது 93-ஆம் வயதில் மறைந்த இந்தக் கலைஞரின் போர் நூல்களுக்கும் ஞாயிறு மலரில் ஒரு தனிக் கட்டுரை ஒதுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். கிதாரோ வழியாக அவரை அறிந்த இளம் வாசகர்களுக்கு அடுத்து எடுக்க வேண்டிய நூல் எது என்பதும் அதனால் தெரியவரும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்