வேப்பமூட்டைச் சுற்றி ஒரு மண்டபம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கடைசி மணி அடிக்கும். மூன்றரைக்கே நம் பள்ளி ரெட்டை வேம்படியில் ஆட்கள் சேர ஆரம்பித்துவிடுவீர்கள். வடக்குத் தெரு ஆச்சி ஒருவர் வெற்றிலைப் பையைப் பிரிப்பார். மேலத்தெருவிலிருந்து வந்த அம்மா கேட்காமலே அதில் ஒரு பாக்கை எடுத்துக்கொள்வார். வயலிலிருந்து நேரே வந்த அண்ணாச்சி சைக்கிளைச் சாய்த்துவிட்டு வேரில் தலை வைத்துக் கண்ணயர்வார். கைப்பிள்ளையோடு ஒருத்தி வந்தால் இரண்டு பேர் நகர்ந்து இடம் விடுவார்கள். இந்த ஊரில் கல்யாண மண்டபம் இருக்கிறது, சாவடி இருக்கிறது, கோயில் திண்ணைகள் இருக்கின்றன. எல்லாத் தெருக்காரர்களும் யோசிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிற இடம் அந்த வேப்பமூடு ஒன்றுதான். இது என் ஆறு வருஷக் கணக்கு. தப்பு என்று யாராவது நிரூபித்தால் சந்தோஷப்படுவேன்.

அந்த இரண்டு வேம்பையும் வெட்டுவதாகத்தான் முதல் வரைபடம் இருந்தது. பகலில் பள்ளிக்கும் சாயங்காலத்தில் ஊருக்கும் பயன்படுகிற மாதிரி ஒரு பொது மண்டபம் வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் முடிவெடுத்தோம். ஐம்பதுக்கு இருபத்திரண்டு அடி, நாலு பக்கமும் சுவர், மேலே தகரம். அதில் நானும் கையெழுத்துப் போட்டேன், மறைக்க விரும்பவில்லை. கொத்தனார் வந்து நூல் பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்ட அன்றைக்கு, மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஆச்சி எழுந்திருக்காமலே கேட்டார்: “நல்ல காரியம்தான் டீச்சர். கட்டி முடிக்கிற வரைக்கும் நாங்க எங்க உக்காருவோம்? முடிஞ்ச பொறவு எங்க உக்காருவோம்?” முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் இப்படித்தான் ஒரு புங்கையை எடுத்துவிட்டுத் தகரக் கொட்டகை போட்டார்கள். திறப்பு விழாவில் எல்லாரும் கை தட்டினோம். மார்ச் மாதம் பிறந்ததும் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகக் கொட்டகையை விட்டு வெளியே வந்து, காம்பவுண்டுச் சுவரின் ஒரு முழ நிழலில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். மழை பெய்தாலோ நான் போடுகிற சத்தம் எனக்கே கேட்காது. இன்னொரு தடவை அந்தத் தப்பைச் செய்ய எனக்கு மனசில்லை. அதனால் பொறியாளரிடம் மறுபடி போனோம். இரண்டு வேம்பையும் வெட்டாத புது வரைபடம் அலுவலக அறையில் ஒட்டியிருக்கிறது. பார்த்தவர்கள் சிலர் முகம் சுளித்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்காகத்தான் இவ்வளவு நீளமான கடிதம்.

முதலில் வெயில். நம் நெல்லைச் சீமை பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டே முக்கால் பாகையை ஒட்டி இருக்கிறது. ஏப்ரல் 12, 13 வாக்கில் மதியம் 12.20-க்குச் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். நிழலில்லா நாள் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மைதானத்தில் கம்பு நட்டுக் காட்டினார்களே, அதுதான். அதற்கப்புறம் ஆகஸ்டு கடைசி வரை மதிய வெயில் நமக்கு வடக்குப் பக்கமிருந்து விழுகிறது. மற்ற மாதங்களில் தெற்கிலிருந்து. ஆகவே “தெற்கே மட்டும் சாய்ப்பு இறக்கினால் போதும்” என்பது நம் ஊருக்குச் செல்லாது. இரண்டு பக்கமும் இறக்க வேண்டும். காலை வெயிலும் சாயங்கால வெயிலும் தாழ்ந்து வந்து உள்ளே குத்தும் என்பதால் மண்டபத்தின் நீளத்தைக் கிழக்கு மேற்காகவும், குறுகிய பக்கங்களை வெயிலுக்கு நேராகவும் வைத்திருக்கிறோம்.

காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் மலையிறங்கி வருகிற மேல்காற்று நம் அரிசிப் பானையில் மண்ணைப் போட்டுவிட்டுப் போகும். அதனால் மேற்குப் பக்கம் மட்டும் முழுச் சுவர். மற்ற மூன்று பக்கமும் தூண்களும் இடுப்பளவுத் திண்ணையும்தான். ஐப்பசி, கார்த்திகை மழை கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சாய்த்து அடிக்கும். அங்கே சாய்ப்பை ஐந்து அடி வெளியே இழுத்திருக்கிறோம். நான் டவுனில் ஒரு வளவு வீட்டில் வளர்ந்தவள். தார்சா என்கிற எங்கள் கூடத்தில் மின்விசிறி கிடையாது, நடுவே கூரையில்லாமல் விட்ட வானவெளியில் ஒரு தொட்டிச் செடி, புறவாசலில் ஒரு முருங்கை. முன்வாசலையும் புறவாசலையும் திறந்து வைத்தால் காற்று ஒரு ஆள் மாதிரி நடந்து போகும். அப்போது அதற்கு யாரும் பெரிய பெயர் வைக்கவில்லை.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-ஐ நாம் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. நம் கால்வாய் கரை மீறி மைதானத்தில் முழங்கால் தண்ணீர் நின்றது. சத்துணவு அறையில் அரிசி மூட்டைகள் நனைந்து வீணாயின. மதில் கட்டித் தண்ணீரை நிறுத்திவிடலாம் என்று அப்போது பலர் சொன்னீர்கள். குறுக்குத்துறை முருகன் கோயிலை நினைத்துப் பாருங்கள். தாமிரபரணி நடுவிலேயே நிற்கிறது. வெள்ளம் வருகிற பக்கத்துச் சுவர் படகு முனை மாதிரி தண்ணீரைப் பிளந்து இரு பக்கமும் அனுப்பும். வெள்ளம் ஏறினால் உற்சவர் மேலக்கோயிலுக்குப் போய்விடுவார். ஆறு கோயிலுக்கு மேலேயே ஓடிவிட்டு வடியும். பிறகு சேற்றைக் கழுவிப் பூஜை. கட்டினவர்கள் ஆற்றோடு மல்லுக்கு நிற்கவில்லை, அது வரும் என்று கணக்கு வைத்துக் கட்டினார்கள். நாமும் தரையை மூன்றடி உயர்த்தி, தண்ணீர் மைதானத்தின் தாழ்ந்த மூலைக்குப் போக வழி விட்டிருக்கிறோம். ஏறிவரப் படிகளோடு ஒரு சரிவுப் பாதையும் உண்டு, சக்கர நாற்காலிப் பிள்ளைக்கும் முட்டுவலி ஆச்சிமாருக்கும்.

கூரையில் விழுகிற மழையை மட்டும் விடப்போவதில்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். சாய்ப்போடு சேர்த்து நம் கூரை சுமார் 150 சதுர மீட்டர். பத்து சென்டிமீட்டர் மழைக்குப் பதினைந்தாயிரம் லிட்டர். ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. முதல் மழையின் அழுக்கை வெளியே விட்டுவிட்டு, மீதியைத் தொட்டியிலும் பழைய கிணற்றிலும் சேர்ப்போம்.

இனி மரம். வேம்பின் கிளை பரவியிருக்கிற அளவுக்குள் நீளமாக அஸ்திவார வாணம் தோண்டக் கூடாது என்று பொறியாளரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். வேர் அறுந்த மரம் உடனே சாகாது. இரண்டு, மூன்று வருஷம் நின்று, நாம் காரணத்தை மறந்த பிறகு பட்டுப்போகும். அந்தப் பக்கம் தூணுக்கு ஒரு குழி என்று வேர் பார்த்து ஒதுங்கித் தோண்டுவார்கள். மரத்தைச் சுற்றி சிமெண்டுப் பூச்சு கிடையாது. மணல் பரப்பி, சாந்து வைக்காமல் செங்கல் அடுக்குவோம். வேருக்குத் தண்ணீரும் காற்றும் இறங்கும். இரண்டு வேம்புக்கும் நடுவில் கூரையில் ஒரு வெட்டு விட்டிருக்கிறது. எங்கள் வீட்டு வானவெளியைத்தான் நான் கேட்டு வாங்கினேன் என்று ஒத்துக்கொள்கிறேன்.

கூரை ஓடு. ஓலை அல்ல. இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகளை ஓலைக்கூரைத் தீக்குக் கொடுத்த மாநிலம் இது. இயற்கையோடு ஒத்துப்போவது என்று சொல்லிக்கொண்டு பள்ளியில் ஓலை வேய யார் வந்தாலும் நான் விடமாட்டேன். அதேபோல 2021 டிசம்பரில் நம் நெல்லையிலேயே ஒரு பள்ளியில் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். பொதுப்பணித் துறைப் பொறியாளர் உறுதித்தன்மைச் சான்று தராமல் ஒரு பிள்ளையும் உள்ளே போகாது. பனஞ்சட்டத்தில் கூரை தாங்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். பள்ளிக்கு இரும்புக் குழாய்தான் என்று பொறியாளர் சொல்லிவிட்டார். பனை, நூலக மூலையில் பெஞ்சாக வரும். அதற்கும் நிற்கிற பனையைத் தொடமாட்டோம். பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கிற கறுத்த, வைரம் பாய்ந்த சட்டம் போதும்.

“என்ன டீச்சர், ஊரெல்லாம் கான்கிரீட்டு போடுத காலத்துல ஓட்டுப் பள்ளிக்கூடம் கட்டச் சொல்லுதியளே?” என்று ஒரு அண்ணாச்சி கேட்டார். கௌரவக் கேள்வி, தப்பே இல்லை. திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர்கள், தம்பானூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செங்கல்லில் சுருண்டு சுருண்டு ஏறுகிற இந்தியன் காபி ஹவுஸில் ஒரு காபியாவது குடித்திருப்பீர்கள். சுவரெல்லாம் ஓட்டை, உள்ளே காற்று. அதைக் கட்டியவர் லாரி பேக்கர். பிரிட்டனில் பிறந்து, 2007-இல் மறையும்வரை திருவனந்தபுரத்தில் வாழ்ந்தவர். 1990-இல் பத்மஸ்ரீ வாங்கினார். செங்கல்லைப் படுக்கப் போடாமல் நிறுத்தி வைத்து, நடுவில் வெற்றிடம் விட்டு அவர் கட்டிய சுவருக்குக் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெயிலையும் தடுக்கும். எலிப்பொறிக் கட்டு என்பார்கள். நம் மேற்குச் சுவர் அப்படித்தான் வரப்போகிறது. கொத்தனார் முதலில் சிரித்தார். ஒரு மாதிரிச் சுவர் கட்டிப் பார்த்தபின் இப்போது அவரே மற்றவர்களுக்கு விளக்குகிறார்.

இன்னொருவர் ரொம்ப தூரத்து ஆள். ஆப்பிரிக்காவில் புர்கினா பாசோ நாட்டில் காண்டோ என்ற கிராமத்தில் பிறந்த பிரான்சிஸ் கேரே. சின்ன வயதில் வெக்கை தாங்காத வகுப்பறையில் உட்கார்ந்து படித்தவர். ஜெர்மனிக்குப் போய்க் கட்டடக்கலை படித்து, 2001-இல் தன் ஊருக்கே ஒரு தொடக்கப் பள்ளி கட்டிக் கொடுத்தார். அங்கேயும் தகரம்தான். ஆனால் தகரத்தை அறையின் தலைமேல் படுக்க வைக்காமல், மண் கட்டிகளால் ஒரு உள்கூரை போட்டு, அதற்கு மேலே இடைவெளி விட்டுத் தூக்கி நிறுத்தினார். சூடு அந்த இடைவெளியில் வெளியேறிவிடும். ஊர் ஜனங்களே கல் சுமந்தார்கள். 2022-இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு அவருக்குக் கிடைத்தது. நம் இரண்டாவது வகுப்பறைத் தகரத்தையும் இப்படித் தூக்க முடியுமா என்று பொறியாளரிடம் கேட்டிருக்கிறேன். பார்க்கலாம்.

உங்கள் மற்றக் கவலைகள். மாசியில் இலை கொட்டும், ஆனியில் வேப்பம்பழம் விழுந்து தரை பிசுபிசுக்கும்: ஆமாம். பழத்தைப் பொறுக்கி வேப்பங்கொட்டை விற்கிற பணம் பிள்ளைகளின் நூலகத்துக்கு. பறவை எச்சம் என்று சொன்னவர்களைக் கூந்தன்குளத்துக்கு ஒரு நடை போய்வரச் சொல்வேன். அங்கே நாரை வீட்டு முற்றத்து மரத்தில் கூடு கட்டுகிறது, எச்சம் கலந்த குளத்துத் தண்ணீரை வயலுக்கு உரமென்று பாய்ச்சுகிறார்கள், பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பூச்சிபொட்டு வரும் என்பது நியாயமான பயம். திண்ணையை உள்ளே பொந்து இல்லாமல் நிறைத்துக் கட்டுகிறோம். புதரை மாதம் ஒருமுறை வெட்டுவது என் பொறுப்பு.

சாயங்காலம் ஐந்து முதல் எட்டு வரை மண்டபம் ஊருக்கு. மகளிர் குழு, வாசிப்பு, சிலம்பம், சும்மா பேசிக்கொண்டிருப்பது எல்லாம் சரி. காதுகுத்து, சடங்கு, கட்சிக் கூட்டம், ஒலிபெருக்கி கிடையாது. இதில் சிலருக்கு என் மேல் வருத்தம் இருக்கிறது, தெரியும். திண்ணையில் யார் எங்கே உட்காருவது என்ற பேச்சு எழுந்தால், அன்றைக்கே பள்ளி கேட்டைப் பூட்டிச் சாவியை நான் எடுத்துக்கொள்வேன்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த வேப்பமூட்டிலேயே கூட்டம். மதிப்பீட்டுத் தாள் அங்கே எல்லார் கையிலும் இருக்கும். செலவில் ஒரு ரூபாய் புரியாவிட்டாலும் எழுந்து கேளுங்கள். பழைய வீடு பிரிக்கிறவர்கள் உடையாத ஓடு, கல் தூண், பனஞ்சட்டம் இருந்தால் சொல்லுங்கள், வண்டி அனுப்புகிறோம். பணமாகத் தருகிறவர்கள் ரசீது வாங்காமல் போகக் கூடாது.

அப்பா, அம்மா வேலைக்குப் போகிற வீடுகளில் ஆச்சி, தாத்தா வந்தால் போதும். அன்றாடம் அங்கே உட்காருகிறவர்கள் அவர்கள்தான். திண்ணை எவ்வளவு உயரம் இருந்தால் முட்டு வலிக்காமல் உட்கார்ந்து எழுந்திருக்கலாம் என்று அளக்க, கொத்தனார் டேப்போடு வருவார்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
தலைமையாசிரியர்