விமான நிலைய விரிவாக்கத்தில் பணம் போடலாமா? நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நீ நலமாக இருப்பதும், ஓய்வு பெற்ற பிறகும் உன்னை ஓய்வூதிய நிதியின் முதலீட்டுக் குழுவில் உறுப்பினராக அமர்த்தியிருப்பதும் மிகுந்த மகிழ்ச்சி தந்தன. இங்கே எல்லோரும் நலம். எனக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்து, படிக்கவும் எழுதவும் மருத்துவர் அனுமதித்துவிட்டார். அதனால் நீ கேட்டதற்கு விரிவாகவே பதில் எழுத முடிகிறது.

பெரிய பன்னாட்டு விமான நிலையம் ஒன்று மூன்றாவது ஓடுபாதைக்கும் புதிய முனையத்துக்குமாக நீண்ட காலக் கடன் பத்திரம் வெளியிடுகிறது, அதில் நிதியின் பணத்தைப் போடுவது புத்திசாலித்தனமா என்று கேட்டிருக்கிறாய். குழுவில் மற்றவர்கள் பயணிகள் எண்ணிக்கை எவ்வளவு உயரும் என்பதைப் பற்றியே பேசுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். நான் விமான நிலையப் பணியில் இருந்த காலம் முழுவதும் பார்த்தவரையில், அதைவிட முக்கியமான கேள்வி வேறொன்று: எதிர்பார்த்த பயணிகள் வராமல் போனால், அந்த நஷ்டம் யார் தலையில் விழும்? அதற்குத் தெளிவான பதில் கிடைக்காத வரை, எவ்வளவு அழகான வரைபடம் காட்டினாலும் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

இதற்கு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1990-களில் டிடபிள்யூஏ என்ற விமான நிறுவனம் அந்த நகரின் விமான நிலையத்தைத் தன் பயணிகள் விமானம் மாறிச் செல்லும் இணைப்பு மையமாக வைத்திருந்தது. அங்கிருந்த இணை ஓடுபாதைகள் இரண்டும் மிக நெருக்கமாக இருந்ததால், மேகம் தாழ்ந்த நாட்களில் இரண்டிலும் ஒரே நேரத்தில் விமானங்களை இறக்க முடியவில்லை. தாமதம் உண்மையானது, புகார்களும் நியாயமானவை. ஆகவே நூறு கோடி டாலருக்கு மேல் செலவிட்டு, பக்கத்து ஊரான பிரிட்ஜ்டனில் சுமார் இரண்டாயிரம் வீடுகளை வாங்கி இடித்து, புதிய ஓடுபாதை போட்டார்கள். அது 2006-இல் திறக்கப்பட்டபோது அதற்கான தேவையே போய்விட்டது. 2001-இல் டிடபிள்யூஏவை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியது. 2003-இல் தன் சேவைகளை அங்கே வெகுவாகக் குறைத்துக்கொண்டது. 2000-இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடியாக இருந்த பயணிகள் எண்ணிக்கை, ஓடுபாதை திறந்த ஆண்டில் அதில் பாதியளவுக்கு வந்துவிட்டது. அந்த வீடுகளின் விலை திட்டச் செலவில் ஏறியது. தலைமுறையாகச் சேர்ந்து வாழ்ந்த அக்கம்பக்கம் கலைந்துபோனது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

முன்கணிப்புப் போட்டவர்கள் எல்லோரும் திறமையற்றவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளாதே. அவர்கள் எண்ணிய பயணிகளில் பெரும்பகுதியினர் அந்த நகருக்கு வந்தவர்களே அல்லர். ஒரு விமானத்திலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறிப் போனவர்கள். அத்தகைய இணைப்புப் பயணிகள் விமான நிறுவனத்துக்குச் சொந்தம், நகரத்துக்கு அல்ல. நிறுவனம் இடம் மாறினால் அவர்களும் ஒரே ஆண்டில் இடம் மாறிவிடுவார்கள். போயிங் 787 போன்ற, நடுத்தர அளவிலேயே நெடுந்தூரம் பறக்கும் விமானங்கள் வந்தபிறகு, இணைப்பு மையத்தைத் தொடாமல் இரு நகரங்களுக்கிடையே நேரடியாகப் பறப்பது மேலும் எளிதாகியிருக்கிறது. எனவே உன் விமான நிலையத்தின் பயணிகளில் அங்கேயே பயணத்தைத் தொடங்குபவர்களும் முடிப்பவர்களும் எத்தனை சதவீதம், ஒரே நிறுவனத்தை நம்பியிருப்பது எவ்வளவு என்பதை முதலில் கேள். கனடாவில், மான்ட்ரியலின் மிராபெல் விமான நிலையத்தைப் பற்றி நீயே அறிவாய்: 1975-இல் பெரும் கனவோடு திறந்து, 2004-இல் பயணிகள் சேவையை நிறுத்தி, 2014-இல் முனையத்தை இடிக்கத் தொடங்கினார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு விரிவாக்கமே வீண் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதே. லண்டன் ஹீத்ரோவில் இரண்டே ஓடுபாதைகள். ஆண்டுக்கு 4,80,000 விமான இயக்கங்கள் என்பது அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு. கொரோனா தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளில் அந்த வரம்பை ஒட்டியே அது இயங்கிவந்தது. அங்கே இறங்கி ஏறுவதற்கான ஒரு ஜோடி நேர ஒதுக்கீடு கோடிக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது. தேவை இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஆனால் அங்கேயும் ஒரு நுணுக்கம் உண்டு. நிலையம் வசூலிக்கும் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதிக்கும் ஒழுங்குமுறை ஆணையம், முதலீடு செய்த சொத்தின் மதிப்பை அடிப்படையாகக் கொண்டே அதைக் கணக்கிடுகிறது. அதாவது, அதிகம் கட்டினால் அதிகம் வசூலிக்க வழி பிறக்கிறது. அதனால் உரிமையாளருக்குக் கான்கிரீட் மீது இயல்பாகவே ஆசை உண்டாகிறது. கட்டணத்தைச் சுமக்கும் விமான நிறுவனங்கள் செலவைக் குறித்து ஓயாமல் முறையிடுகின்றன. பத்திரம் வாங்குபவனுக்கு இந்த ஏற்பாடு பாதுகாப்பானது என்றாலும், பயணிக்கு அது நல்லதுதானா என்பதையும் உன் குழு யோசிக்க வேண்டும். உங்கள் நிதிக்குப் பணம் கட்டும் ஊழியர்களும் பயணிகள்தானே.

கட்டுவதற்கு முன்னால், இருப்பதை முழுமையாகப் பயன்படுத்தியாயிற்றா என்று பார்ப்பது அவசியம். லண்டனின் இன்னொரு விமான நிலையமான கேட்விக் 2019-இல் ஒரே ஓடுபாதையை வைத்துக்கொண்டு 4 கோடியே 60 லட்சம் பயணிகளைக் கையாண்டது. ஹீத்ரோவில் செய்த ஒரு மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தமானது. இறங்கவரும் விமானங்களுக்கிடையே இத்தனை மைல் என்று தூரக் கணக்கில் இடைவெளி விடுவதுதான் வழக்கம். எதிர்காற்று பலமாக வீசும்போது, தரையைப் பொறுத்தவரை விமானத்தின் வேகம் குறைந்து, அதே தூரத்தைக் கடக்க அதிக நேரம் பிடிக்கும். மணிக்கு இறங்கும் விமானங்களின் எண்ணிக்கை சரியும். 2015-இல் அங்கே தூரத்துக்குப் பதிலாக நேரத்தைக் கொண்டு இடைவெளியை அளக்கத் தொடங்கினார்கள். முன்னே சென்ற விமானம் கிளப்பிய காற்றுச் சுழலைப் பலத்த காற்று சீக்கிரமே கலைத்துவிடும் என்பதால் பாதுகாப்புக்கும் குறைவில்லை. ஒரு சதுர அடி நிலம்கூட எடுக்காமல் கிடைத்த கொள்ளளவு இது.

நெரிசல் உண்மையில் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நான் வேலை பார்த்த இடத்தில் விடியற்காலையில் நெடுந்தூர விமானங்கள் வரிசையாக இறங்கும். ஓடுபாதையில் இடைஞ்சலே இருக்காது. ஆனால் இறங்கிய விமானம், ஓடுபாதையிலிருந்து நிறுத்துமிடத்துக்குப் போகும் வழியான டாக்ஸிவேயில், என்ஜின் ஓடிக்கொண்டிருக்க இருபது நிமிடம் நிற்கும். அதற்கு ஒதுக்கிய நிறுத்துமிடத்தில் முந்தைய விமானம், வராத ஒரு பயணியின் பெட்டியைத் தேடி இறக்குவதற்காகக் காத்துக்கொண்டிருக்கும். அந்த நிலையத்துக்கு அன்று தேவைப்பட்டவை சில நிறுத்துமிடங்களும் பெட்டி கையாளும் அமைப்பில் ஒரு சீர்திருத்தமும்தான். ஓடுபாதைதான் முட்டுக்கட்டை என்று நிரூபிக்காத திட்டத்தை நம்பாதே.

இன்னொன்று, காலக்கெடு. பெர்லினின் புதிய நிலையம் 2012 ஜூன் மாதம் திறக்கவிருந்து, நான்கு வாரங்களுக்கும் குறைவாக இருக்கையில் தீத்தடுப்பு ஏற்பாட்டில் குறை கண்டு தள்ளிப்போடப்பட்டு, கடைசியில் 2020 அக்டோபரில்தான் திறந்தது. அந்த 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் விமானப் பயணிகள் எண்ணிக்கை, முந்தைய ஆண்டின் சுமார் 450 கோடியிலிருந்து 180 கோடியாக வீழ்ந்தது. கட்டுவதற்கு வாங்கிய கடனுக்கான வட்டிச் சுமை மட்டும் வீழவில்லை. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் தன் ஐந்தாம் முனையத்தை அப்போது இரண்டு ஆண்டுகள் நிறுத்திவைத்து, தேவைப்பட்டால் சிறுசிறு பகுதிகளாக இயக்கும்படி வடிவமைப்பைத் திருத்தி, 2025-இல் கட்டுமானத்தைத் தொடங்கியது. நடுவில் நிறுத்தவும் பிறகு தொடரவும் முடிகிற திட்டம்தான் என் பார்வையில் நல்ல திட்டம். நிலத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பதில் தவறில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கட்டுவதுதான் ஆபத்து.

சத்தத்தையும் கரியமில வாயுவையும் பின்னிணைப்பில் ஒதுக்கியிருந்தால், அந்தப் பக்கங்களை முதலில் படி. பிராங்க்பர்ட்டில் 2011 அக்டோபரில் புதிய ஓடுபாதை திறந்தபோதே, இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை திட்டமிட்ட விமானங்களுக்குத் தடையும் வந்துவிட்டது. சுற்றியிருப்பவர்களின் தூக்கத்தைக் காக்கும் அந்தத் தடை சரியானதென்றே நான் நினைக்கிறேன்; ஆனால் இரவுச் சரக்கு வருவாயை நம்பிப் போட்ட கணக்கு எதுவாயினும் அங்கேயே உடைந்துபோகும்.

உன் கேள்விக்கு நேரான பதில் இதுதான்: அங்கேயே பயணத்தைத் தொடங்கும் அல்லது முடிக்கும் சொந்தப் பயணிகள் பெரும்பான்மையாக இருந்து, கட்டம் கட்டமாகக் கட்டும் திட்டமாக இருந்து, வருவாய் குறைந்தால் அதை முதலில் பங்குதாரர்கள் தாங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், நிதியின் சிறு பகுதியைத் தயங்காமல் போடலாம். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் குழுவில் எதிர்த்து வாக்களி. திட்ட அறிக்கையில் பயணிகள் முன்கணிப்பு அட்டவணையையும், கடன் உடன்படிக்கையில் வருவாய்க் குறைவைப் பற்றிய பிரிவையும் நகலெடுத்து எனக்கு அனுப்பி வை. கூட்டத்துக்கு முன்பே படித்துக் குறிப்பு எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்