பெரியம்மாவுக்கு: வாயு என்று நீங்கள் சொன்னதைப் பற்றி

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

இதயத் துடிப்புக் கோளாறுக்காக அப்லேஷன் என்ற சிகிச்சையை, அதாவது கோளாறான மின்பொறி கிளம்பும் இடத்தைச் சுற்றிச் சுட்டு அடைப்பதை, செய்துகொள்ள நான் சம்மதித்துவிட்டேன். அடுத்த மாதம் சென்னையில் நடக்கும். "சாப்பிட்டதும் வருகிற வாயுவுக்குப் போய்த் தொடை வழியாக நெஞ்சுக்குள் கம்பி விடுவார்களா?" என்று நீங்கள் எல்லோரும் கேட்கும்படி குரல் பதிவு அனுப்பிய பிறகு, உங்களைத் தொலைபேசியில் அழைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை, ஆகவே எழுதுகிறேன். உங்கள் பேத்தி இதைப் படித்துக் காட்டுவாள். நம் உறவினர்களும், முன்பின் அறியாதவர்களும் படிக்கப்போகும் இடம் இது என்பதால் சில பெயர்களையும் ஓர் இரவையும் விவரிக்காமல் விட்டுவிடுவேன். எதை விட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். அம்மா போன பிறகு என்னை வளர்த்தது யார் என்பதையும் இங்கே எழுதப்போவதில்லை; அது நம் இருவருக்கும் இடையே இருந்தால் போதும்.

உங்களுக்குச் சேர வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் நெஞ்சுப் படபடப்புக்கும் வயிற்றுக்கும் தொடர்பு உண்டு என்று முதலில் சொன்னவர் நீங்கள்தான், எந்த மருத்துவரும் அல்ல. வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும், உப்புசமாக இருக்கும் நாளிலும், குனிந்து கோலம் போட்டுவிட்டு நிமிரும்போதும்தான் அது வருகிறது என்பதை எனக்கு முன்பே நீங்கள் கவனித்திருந்தீர்கள். 1912-ஆம் ஆண்டிலேயே லுட்விக் ரோம்ஹெல்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். வயிற்றிலும் குடலிலும் காற்றுச் சேர்ந்து, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசைத் தகடான உதரவிதானத்தை மேலே தள்ளும்போது, இதயத்தில் நோய் எதுவும் இல்லாதவர்களுக்கும் துடிப்புத் தவறுதலும் நெஞ்சு இறுக்கமும் மூச்சு முட்டலும் வரக்கூடும் என்று அவர் விளக்கினார். இந்த அறிகுறிகளின் தொகுப்பு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

உடலின் அமைப்பே இதற்கு இடம் கொடுக்கிறது. இதயம் உதரவிதானத்தின் மேல் அமர்ந்திருக்கிறது. அதே தசைத் தகட்டுக்குக் கீழே இடப்புறத்தில் இரைப்பை இருக்கிறது. உணவுக்குழாயோ இதயத்தின் இடது மேலறைக்கு நேர் பின்னால், சில மில்லிமீட்டர் இடைவெளியில், நம் தெருவில் இரண்டு வீடுகளுக்கு ஒரே சுவர் இருப்பதைப் போல ஒட்டியபடி இறங்குகிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, மூளைத்தண்டிலிருந்து கழுத்து வழியே வரும் வேகஸ் நரம்பு இதயத்துக்கும் கிளை விடுகிறது, இரைப்பைக்கும் குடலுக்கும் கிளை விடுகிறது. வயிறு விரியும்போதும் அமிலம் உணவுக்குழாயில் ஏறும்போதும் அந்த நரம்பு தூண்டப்படலாம். அப்போது அது இதயத்தின் வேகத்தைத் தணிப்பதோடு நிற்பதில்லை. மேலறைத் தசை ஒரு துடிப்புக்குப் பின் அடுத்த தூண்டலை ஏற்பதற்கு முன்பு எடுத்துக்கொள்ளும் ஓய்வையும் சுருக்கிவிடுகிறது. அந்த ஓய்வு சுருங்கினால், ஒழுங்கற்ற மின் அலைகள் மேலறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்க வழி ஏற்படுகிறது. உழைக்கும்போது வராமல், ஓய்விலும் உணவுக்குப் பின்னும் இரவிலும் மட்டும் வருகிற இவ்வகைத் துடிப்புக் கோளாறைப் பிரான்சு நாட்டு மருத்துவர் பிலிப் கூமெல் 1970-களில் தனியாக அடையாளம் காட்டினார். என்னுடையது ஏறக்குறைய அந்த வகைதான்.

இதை மற்றவர்களும் படிப்பதால் ஒன்று சொல்ல வேண்டும். சாப்பிட்ட பின் ஒன்றிரண்டு துடிப்புகள் தவறுவதுபோல் தோன்றுவது நல்ல இதயம் உள்ள பலருக்கும் நேர்வதுதான். அவை பெரும்பாலும் தீங்கற்ற கூடுதல் துடிப்புகள். யாரையும் பயமுறுத்துவது என் நோக்கம் அல்ல. என் வழக்கு உங்களோடுதான், பெரியம்மா. தூண்டியது வயிறு என்று நீங்கள் சொன்னது சரி. தூண்டப்பட்டது எது என்று பார்க்க நீங்கள் ஒருநாளும் விடவில்லை.

பெரியப்பாவின் திவசத்தன்று மதியம் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. விடியற்காலையில் குடித்த காபியைத் தவிர ஒன்றும் உள்ளே போகாமல், சடங்கெல்லாம் முடிந்து, இரண்டு மணிக்கு மேல்தான் நாங்கள் இலையில் உட்கார்ந்தோம். நீங்களே பரிமாறினீர்கள். வடையும் மோர்க்குழம்பும் பாயசமும், போதும் போதும் என்று நான் இலையின் மேல் கையை நீட்டிய பிறகும் விழுந்துகொண்டே இருந்தன. என் தட்டை நிரப்புவதுதான் உங்களுக்குத் தெரிந்த அன்பு என்பதால் நானும் தின்றேன். பிறகு கூடத்தில் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தேன். முதலில் ஒரு துடிப்பு நின்றது. அடுத்து வந்தது தொண்டைவரை ஏறி அடித்தது. அதன் பிறகு எந்த ஒழுங்கும் இல்லை: இரண்டு வேகமாக, ஒன்றும் இல்லாமல், பிறகு எண்ணவே முடியாத ஒரு கொத்து. என் முகத்தைப் பார்த்ததும் நீங்கள் கையில் இருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தீர்கள். என்னை நிமிர்த்தி உட்கார வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் நீவிவிட்டீர்கள். ஓம வாட்டரை வெந்நீரில் கலந்து குடிக்கவைத்தீர்கள். பெரிய ஏப்பம் ஒன்று வந்தது. உண்மையாகவே சற்று லேசாக இருந்தது. "பார், வாயு இறங்கிவிட்டது" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, அடுத்த பந்தியைக் கவனிக்கப் போய்விட்டீர்கள்.

இறங்கவில்லை, பெரியம்மா. மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வயிறு லேசாகிவிட்டது, நாடி அப்படியே தாறுமாறாக ஓடியது. கூடத்தில் இருந்தவர்கள் பார்க்காதபடி கொல்லைப்புறமாகப் போய் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனேன். அன்றுதான் முதன்முதலாக அது ஈசிஜியில் பதிவானது, ஏனென்றால் அன்றுதான் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே நான் அந்தப் படுக்கையில் கிடந்தேன். அதற்கு முன் எடுத்த ஈசிஜிகள் எல்லாம் படபடப்பு அடங்கிய பிறகு எடுக்கப்பட்டவை. அவை இயல்பாக இருந்ததில் வியப்பில்லை. துடிப்பைத் தொடர்ந்து பதிவதற்காக 24 மணி நேரம் மாட்டிக்கொண்டு திரிந்த ஹோல்டர் கருவியிலும் அது சிக்கவில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று அன்று எழுதிக் கொடுத்தார்கள். மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல், நிமிடத்துக்கு 350 முறைக்கு மேல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை அது. அப்படி நடுங்கும்போது மேலறையின் ஒரு மூலையில் ரத்தம் தேங்கி உறையக்கூடும். அந்த உறைகட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு என்பது பல்லாண்டு ஆய்வுகளில் கண்டது. என் வயதுக்கும் உடல்நிலைக்கும் அது குறைவுதான் என்று மருத்துவர் சொன்னார். ஆனாலும் ஏப்பத்தால் தீரும் விஷயம் அல்ல.

உறவினர்கள் நிறைந்த வீட்டில் உங்களைத் தனியாகப் பதில் சொல்லும்படி விட்டுவிட்டுப் போனதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் கைச் சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்படிச் சொன்னதாக உங்களிடம் வந்து சொன்னவர் யார் என்பது எனக்குத் தெரியும், இங்கே எழுத மாட்டேன். ஆனால் சொல்லிக்கொண்டு போயிருந்தால் நீங்கள் என்னைப் போக விட்டிருப்பீர்களா? இன்னொரு டம்ளர் இஞ்சிச் சாறு வந்திருக்கும். அதுவும் அடங்கிய பிறகு நான் போயிருந்தால், இன்றைக்கும் என்னிடம் பதிவு எதுவும் இருந்திருக்காது.

அதற்கு முந்தைய ஆண்டு, ஊர் மருத்துவர் ஒருவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மனப் பதற்றம்தான், பெண்களுக்கு இந்த வயதில் வருவதுதான்" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தபோது, பக்கத்து நாற்காலியில் நீங்கள் இருந்தீர்கள். வீட்டில் வாயு என்று அடித்துச் சொன்ன நீங்கள், அங்கே அவர் சொன்னதற்குத் தலையாட்டினீர்கள். அதை என்னால் மறக்க முடியவில்லை. ரோம்ஹெல்ட்கூட அந்தக் காலத்து வழக்கப்படி இதை இதய நரம்புத் தளர்ச்சியின் ஒரு வகை என்றுதான் அழைத்தார். ஆனால் அவர் நோயாளியின் அறிகுறிகளைப் பொருட்படுத்தி, வயிற்றில் காரணத்தைத் தேடினார். என் விஷயத்தில் நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் யாரும் நாடியைப் பிடிக்கவில்லை. நீங்களாவது, "இவள் பொய் சொல்லுகிறவள் அல்ல, டாக்டர்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பெரியப்பாவின் கடைசி இரவைப் பற்றி நான் எழுதவில்லை. அன்று நீங்கள் செய்ததை ஒருநாளும் குறையாக நினைத்ததில்லை என்பதை மட்டும் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிக்கொள்கிறேன். அவருக்கு வந்தது எனக்கு வந்தது அல்ல. அது ரத்தக் குழாய் அடைப்பு. இதயத்தின் கீழ்ச்சுவர் உதரவிதானத்தின் மேல் படிந்திருப்பதால், அங்கே அடைப்பு ஏற்படும்போது வலி மேல்வயிற்றில் தெரியலாம், குமட்டலும் ஏப்பமும் வரலாம். சோடா குடித்ததும் கொஞ்சம் தேவலை என்று நோயாளியே சொல்லலாம். படித்தவர்களும் அதில் ஏமாந்திருக்கிறார்கள். இருந்தாலும், அந்த இரவுக்குப் பிறகும் நம் வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ஒருத்தியிடம் நீங்கள் மறுபடியும் அதே பதிலைச் சொன்னபோது, எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது. நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் சேர்ந்து வந்தால் யாராக இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். வாயுவாக இருந்தால் ஈசிஜி அதையும் கெடுத்துவிடாது.

வெறும் வயிற்றில் போடும்படி நீங்கள் மருந்துக் கடையில் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த கேஸ் மாத்திரையையும் நிறுத்திவிட்டேன். அதில் இரண்டு மருந்துகள் இருந்தன. அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலை ஆண்டுக்கணக்கில் விடாமல் சாப்பிட்டால் சிலருக்கு ரத்தத்தில் மக்னீசியம் குறையும். மக்னீசியம் மிகவும் குறைந்தால் துடிப்பு கெடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இல் இதை எச்சரித்திருக்கிறது. கூடவே இருந்த டொம்பெரிடோன் இதயத்தின் கீழறைகளில் அபாயமான துடிப்புக் கோளாறை உண்டாக்கக்கூடும் என்பதால், 2014-இல் ஐரோப்பிய மருந்து அமைப்பு அதைக் குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும், அதுவும் குறைந்த நாட்களுக்கு மட்டும் என்று சுருக்கியது; உப்புசத்துக்கும் நெஞ்செரிச்சலுக்கும் இனி வேண்டாம் என்றது. நாமோ அந்த இரண்டுக்கும்தான் அதை விழுங்கிக்கொண்டிருந்தோம். உங்கள் டப்பாவில் இன்னும் இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அளவாகச் சாப்பிடுவதாலும், சாப்பிட்டு மூன்று மணி நேரம் படுக்காமல் இருப்பதாலும் எனக்குப் படபடப்பு வருவது குறைந்தது. இடது பக்கம் படுத்தால் அமிலம் மேலேறுவது குறையும் என்பார்கள், அது உண்மைதான்; என் இதயத்துக்கோ வலது பக்கம்தான் ஒத்துப்போகிறது. துடிப்புக்கான மாத்திரையும் ஓரளவு உதவியது. ஆனால் குறைந்ததே தவிர நிற்கவில்லை. நுரையீரல் சிரைகள் இடது மேலறையில் வந்து சேரும் இடங்களிலிருந்துதான் இந்த முறையற்ற மின்பொறிகள் பெரும்பாலும் கிளம்புகின்றன என்று பிரான்சின் போர்தோ நகரத்து மருத்துவர் மிஷேல் ஹைசகேரின் குழு 1998-இல் காட்டியது. அப்லேஷனில் அந்தச் சிரைகளின் வாய்களைச் சுற்றிச் சுட்டு, மின்பொறி மேலறைக்குள் வராமல் அடைக்கிறார்கள். அதற்கு முன்பு உறைகட்டி இருக்கிறதா என்று பார்க்க, உணவுக்குழாய் வழியாகக் கருவியை இறக்கி இதயத்தை எக்கோ எடுப்பார்கள். சுடும்போது உணவுக்குழாய் காயப்படாமல் இருக்க அதற்குள் வெப்பமானியும் வைப்பார்கள். முடிந்த பிறகு சில வாரங்களுக்கு அமிலம் குறைக்கும் மாத்திரை கொடுப்பார்கள். வயிறும் நெஞ்சும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை என்று நீங்கள் சொன்னதை அந்த அறையில் உள்ளவர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்தச் சில வாரங்கள் என்னோடு வந்து இருங்கள். குழைந்த சாதமும் காரம் குறைந்த ரசமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை போடுங்கள். நான் போதும் என்றால் கரண்டியை எடுத்துவிடுங்கள். மிக அரிதாக, சுட்ட இடத்தில் மேலறைக்கும் உணவுக்குழாய்க்கும் இடையே துளை விழலாம். அது உடனே தெரியாது, வாரங்கள் கழித்தும் வரலாம். எனக்குக் காய்ச்சல் வந்தாலோ, விழுங்கும்போது வலித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, வாய் குழறினாலோ, ஓம வாட்டர் கலக்க வேண்டாம். ஊர் மருத்துவரிடமும் கூட்டிப்போக வேண்டாம். குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டப்போகும் எண்ணுக்குப் பேசி, "இவளுக்கு அப்லேஷன் ஆகியிருக்கிறது" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். யாராவது எண்டோஸ்கோப்பி போட்டுப் பார்க்கலாம் என்றால், முதலில் சிடி ஸ்கேன் எடுக்கும்வரை கூடாது என்று சொல்லிவிடுங்கள். அந்த நிலையில் எண்டோஸ்கோப்பிக்காக உள்ளே காற்றைச் செலுத்தினால் அது துளை வழியாக மூளைவரை போய்விடலாம். இதை நீங்கள் உரக்கச் சொல்வீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

உழவன் எக்ஸ்பிரஸில் உங்களுக்கும் சேர்த்துத்தான் பதிவு செய்திருக்கிறேன். கீழ்ப் படுக்கை கிடைத்திருக்கிறது. அன்று இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்துக்கொள்வோம்.

அன்புடன்,
உங்கள் சின்ன மகள்