மார்கழியில் கல்யாணத்துக்குப் போன இரண்டு வக்கீல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வழக்கறிஞர்களுக்கான அகில இந்திய பார் தேர்வு பற்றிச் சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். நூறு கேள்வி, நான்கு விடையில் ஒன்றைக் கறுப்பாக்கினால் போதும், தப்பாகப் போட்டால் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், சட்டப் புத்தகத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம், இதிலும் தோற்கிறவர்களுக்குக் கறுப்பு அங்கி எதற்கு என்று கேட்டிருந்தார். அவர் சொன்ன தகவல்களில் பிழையில்லை. நான் மூன்று முறை தோற்று நான்காவது முறை தேறியவள். குழித்துறை கோர்ட்டில் சிவில் பக்கம் இருக்கிறேன். என் பெயர் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதும் இந்தக் கடிதத்திலேயே இருக்கிறது.

முதல் தோல்வி எனக்கு வேண்டியதுதான். 2021 ஜூலையில் வழக்கறிஞராகப் பதிவு செய்தேன், அக்டோபர் 31-ல் தேர்வு. அதுவரை கைடு, நோட்ஸ் எல்லாவற்றையும் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய் எழுதிய தேர்வு அது. அந்த வருஷம்தான் குறிப்பு எதுவும் இல்லாத வெறும் சட்டப் புத்தகம் மட்டும் போதும் என்று மாற்றினார்கள். ஆபீசில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பாத்து எழுதுற பரீட்சதானே மக்ளே, இதுக்கா பேடிக்கிற?" என்றார் சீனியர். நானும் பயப்படவில்லை. கல்லூரி நாளிலிருந்து வைத்திருந்த சிவில் நடைமுறைச் சட்டப் புத்தகத்தை அப்படியே எடுத்துப் போனேன். வாசலில் சோதித்தவர் சர்ரென்று பக்கத்தைத் தள்ளி, கட்டளை 39-ல் நிறுத்தினார். தற்காலிகத் தடையுத்தரவு. ஓரம் முழுக்க என் பென்சில் எழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி. "இத வெளிய வச்சிட்டுப் போங்க." பத்து மார்க் பாடத்தை வாசல் படியில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

அதனால்தான் தோற்றேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். நிஜம் வேறு. கம்பெனிச் சட்டம் இரண்டு மார்க், சைபர் இரண்டு, சுற்றுச்சூழல் இரண்டு, அறிவுசார் சொத்துரிமை இரண்டு, நில எடுப்பு இரண்டு. இரண்டு மார்க்குக்கு யார் உட்கார்ந்து படிப்பது என்று ஒதுக்கினேன். வரியும் தொழிலாளர் சட்டமும் நாலு நாலு, அதையும் தொடவில்லை. கூட்டிப் பாருங்கள், பதினெட்டு. எங்கள் கோர்ட்டில் இந்தச் சட்டங்களைக் கேட்டு யாரும் வருவதில்லை. இங்கே வருகிற கட்சிக்காரர் மஞ்சள் பையிலிருந்து எடுப்பது தாத்தா காலத்து மலையாள ஆதாரம், அதாவது சொத்துப் பத்திரம். 1956 நவம்பர் வரை நாம் திருவிதாங்கூர்ப் பக்கம்தானே. விளவங்கோடு, கல்குளம் பக்கம் பழைய பத்திரத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத ஜூனியரை வைத்துக்கொண்டு ஒரு பாகப்பிரிவினை வழக்கு நடத்த முடியாது. அதற்கு எந்தத் தேர்விலும் மார்க் இல்லை. ஆனாலும் படிக்காமல் போனது என் தப்புதான்.

இரண்டாம் முறை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. படிக்கவில்லை, தோற்றேன்.

வாசகருக்குத் தெரியாதது கணக்குதான். பதிவு செய்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் இந்தத் தேர்வில் தேறி, தொழில் நடத்தும் சான்றிதழ் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் கோர்ட்டில் நிற்க முடியாது. சரி. ஆனால் என் முதல் தேர்வு 2021 அக்டோபரில்; அடுத்தது நடந்தது 2023 பிப்ரவரி 5-ல். நடுவில் பதினைந்து மாதம் தேர்வே இல்லை. அதற்கும் அடுத்தது 2023 டிசம்பர் 10. என் இரண்டு வருஷம் ஜூலையிலேயே முடிந்துவிட்டது. ஆக, இரண்டு வருஷம் என்பது எனக்கு இரண்டே வாய்ப்பு. தவிர, அந்த டிசம்பர் தேர்வில்தான் பொதுப்பிரிவினருக்குத் தேர்ச்சி அளவை 40 சதவீதத்திலிருந்து 45-க்கு உயர்த்தினார்கள். விடைக்குறிப்பை வைத்துச் சரிபார்த்தால் நான் பழைய கோட்டைத் தாண்டியிருந்தேன், புதிய கோட்டை எட்டவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

2023 ஜூலையிலிருந்து வக்காலத்தில் என் பெயர் கிடையாது. கட்டுப் பிரிப்பேன், மனு டைப் அடிப்பேன், கேஸ் கட்டைக் கோர்ட் வாசல் வரை கொண்டு வந்து இன்னொரு ஜூனியர் கையில் கொடுப்பேன். அருமனையிலிருந்து வரும் ஒரு பாட்டி, வழிப்பாதை வழக்கு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் படியேறுவார். "பிள்ள ஏன் இப்பம் ஜட்ஜிக்க முன்னால நிக்க மாட்டேங்குது?" என்று கேட்டார். தொண்டை சரியில்லை பாட்டி என்றேன். அடுத்த வாய்தாவுக்குச் சுக்கும் மிளகும் கருப்பட்டியும் இடித்துப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்.

2024 ஜூலை முதல் தேதி மூன்று குற்றவியல் சட்டங்களும் மாறின. முப்பது வருஷ சர்வீஸ் உள்ளவர்களும் நானும் ஒரே பெஞ்சுக்கு வந்தது அன்றைக்குத்தான். கொலைக்கு 302 என்பது 103 ஆனது. ஜீவனாம்சத்துக்கு 125 போய் 144. ரொம்பப் பேரைத் தடுக்கி விழவைத்தது 482: பழைய சட்டத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்கிற பிரிவு, புதியதில் முன்ஜாமீன், ரத்துக்கு இப்போது 528. தேர்வுக்காக நான் ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கம் பழைய எண், புதிய எண் என்று இரண்டு வரிசை எழுதி மேசையில் சாய்த்து வைத்திருந்தேன். பக்கத்து ஆபீஸ் சீனியர்கள்கூட டீ குடிக்கிற சாக்கில் வந்து அதை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். "எளா, 420 இப்பம் எங்க கெடக்கு?" "318 சார்." தோற்றவள் என்று தெரிந்தே கேட்டார்கள். அதில் எனக்கு வந்த தெம்பு எந்தக் கோச்சிங்கிலும் வந்திருக்காது.

நான்காவது தேர்வு 2024 டிசம்பர் 22, ஞாயிறு. எனக்கு மையம் சென்னை. முந்தின நாள் சாயங்காலம் நாகர்கோவிலில் கன்னியாகுமரி எக்ஸ்பிரசில் ஏறினேன். எதிர் பெர்த்தில் நம் மாவட்டத்து வக்கீல் ஒருவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். "எங்க மேடம்?" "ஒரு கல்யாணம் சார். நீங்க?" "நானும் ஒரு கல்யாணத்துக்குத்தான்." நேந்திரங்காய் வத்தல் பொட்டலத்தை நீட்டினார். இரண்டு பேரும் ஊர்க்கதை பேசிக்கொண்டு நெல்லை தாண்டினோம். படுத்த பிறகுதான் உறைத்தது: மார்கழி ஆறாம் தேதி. எந்த வீட்டில் கல்யாணம்? மறுநாள் தேர்வு மைய வாசல் வரிசையில் எனக்கு ஏழெட்டுப் பேர் முன்னால் அவர் நின்றுகொண்டிருந்தார், கையில் சட்டப் புத்தகக் கட்டோடு. திரும்பிப் பார்த்தார். "பொண்ணு வீடா, மாப்பிள்ள வீடா?" என்றார். அவருக்கு அது ஐந்தாவது முறையாம். இவ்வளவு காலம் ஒரே மாவட்டத்தில் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறோம், ஒருவருக்கொருவர் தெரியாமல்.

2025 மார்ச்சில் முடிவு வந்தது. நான் தேறினேன். அவரும் தேறினார்.

தேர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேர்வு நடத்த, வக்கீல் தொழிலை முறைப்படுத்தும் பார் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு என்று 2023-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வே சொல்லியாகிவிட்டது. கடைசி வருஷ மாணவர்களும் எழுதலாம் என்று இப்போது ஆகியிருப்பது நல்ல மாற்றம், எங்களுக்குக் கிடைக்காதது. வழக்கறிஞராகப் பதிவு செய்யும் கட்டணம் பொதுப்பிரிவினருக்கு 750 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று 2024-ல் தீர்ப்பு வந்த பிறகும் தேர்வுக் கட்டணம் 3,500 ரூபாய். அதோடு ரயில், தங்கல். ஜூனியருக்கு மாசம் என்ன கொடுக்கிறோம் என்பதை சீனியர்கள் மனசாட்சிக்கே விட்டுவிடுகிறேன்.

நான் கேட்பது நம் ஊரிலேயே ஆகக்கூடியது. நாகர்கோவில், பத்மநாபபுரம், இரணியல், குழித்துறை, பூதப்பாண்டி, எல்லா இடத்திலும் வக்கீல்கள் உட்காரும் அறை உண்டு, புத்தக அலமாரி உண்டு. தேர்வு அறிவிப்பு வந்த பிறகு சாயங்காலம் ஒரு மணி நேரம், ஒரு மேசை. தேறாதவர்கள் வெளிப்படையாக வந்து உட்காரட்டும். குறிப்பெழுதாத புத்தகம் ஒரு செட் வாங்கிப் போடுங்கள். எங்கள் கோர்ட்டில் இரண்டு பிள்ளைகள் அடுத்த தேர்வுக்குப் படிக்கிறார்கள். ஒருத்தி எனக்கு மட்டும் சொல்லியிருக்கிறாள். காலண்டர் அட்டை இப்போது அவளிடம் இருக்கிறது.

அருமனைப் பாட்டியின் வழக்கு இன்னும் முடியவில்லை. போன வாய்தாவில் நான் எழுந்து நின்று பேசியதும், வெளியே வந்து, "சுக்கு கேட்டுதா?" என்றார். கேட்டது பாட்டி என்றேன்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்,
குழித்துறை, கன்னியாகுமரி மாவட்டம்.